மாப்பிள்ளைக்குத் தெரிந்த சொல்

பெண்பிள்ளை இல்லாத வீட்டுக்கு மாப்பிள்ளை வந்தது என்றால் யாருக்கும் சிரிப்புதான் வரும். கார் சீட்டுக்கு உறை தைக்கிறவர் வீட்டில் அதுதான் நடந்தது. ஒரே மகன் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போன மாதம், பட்டறை வாசலில் வந்து சுருண்டுகொண்ட ஒரு செவலை நாய்க்குட்டியை அவர் வீட்டுக்குத் தூக்கி வந்தார். வந்த அன்றைக்கே அது சோபாவில் ஏறி உட்கார்ந்துகொண்டு, தண்ணீர் இன்னும் வரவில்லையே, சாப்பாடு இன்னும் வரவில்லையே என்பதுபோல் ஆள் ஆளாகப் பார்த்தது. மாப்பிள்ளை முறுக்கைப் பாருங்கள் என்றாள் மனைவி. பெயர் ஒட்டிக்கொண்டது.

ஒன்றரை வருஷத்தில் மாப்பிள்ளை நன்றாகவே தேறிவிட்டார். ஒரு மூட்டை கனம். வீட்டுக்குள் பரம சாது. தெருவில் இறங்கினால் மட்டும் கண்மண் தெரியாது. ஏதாவது வாசனை மூக்கில் பட்டால் போதும், மாமனார் பின்னால் ஓட வேண்டியதுதான். தெருமுனை மருந்துக்கடைக்காரர் தினமும் கடைக்குள்ளிருந்தே எட்டிப் பார்த்து, இன்றைக்கு யார் யாரைக் கூட்டிக்கொண்டு போகிறீர்கள் என்று கேட்பார். தினமும் ஒரே கேள்வி. மனிதருக்கு அலுக்கவே அலுக்காது.

முதலில் கழுத்துப் பட்டையும் சங்கிலியும்தான் வாங்கினார். இழுத்து இழுத்து நாய்க்கு இருமல் வந்தது. மாடிவீட்டுக்காரர், இழுத்தால் தானாகக் கழுத்தை இறுக்கும் சங்கிலி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்து, இரண்டே நாளில் வழிக்கு வந்துவிடும் என்றார். மனைவி அதை வாங்கித் தன் கையில் மாட்டி ஒரு சுண்டு சுண்டிப் பார்த்தாள். சிவந்த தடத்தைப் பார்த்துவிட்டு, மாடிக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். அவள் வேலை செய்யும் பரிசோதனைக்கூடத்துக்கு எதிரில் நாய், பூனைகளுக்கான சாமான் விற்கும் கடை இருந்தது. அங்கிருக்கும் பெண் முன்பு நாய்களைப் பழக்கிக்கொண்டிருந்தவளாம், விஷயம் தெரிந்தவளாம், ஒரு எட்டு போய்க் கேட்டுவிட்டு வாருங்களேன் என்றாள்.

அங்கேதான் நம் ஆளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. முப்பது வருஷம் வண்டிக்கு சீட்டு தைத்தவன் ஒரு நாய்ப் பட்டைக்குக் கடை ஏறுவதா? பழைய சீட் பெல்ட் நாடாவை எடுத்தார். மாப்பிள்ளையை நிற்க வைத்து மார்பளவு எடுத்தார். அக்குளில் உரசாமல் இருக்க உள்பக்கம் மெத்தை வைத்து, நாலு வரிசைத் தையல் போட்டு, முதுகில் சரியாக இரண்டு தோளுக்கும் நடுவில் இரும்பு வளையம் வைத்து ஒரு மார்புப் பட்டையும், அந்த வளையத்தில் மாட்டிப் பிடிக்க ஒரு வாரும் தைத்தார். இதை வைத்து லாரியையே இழுக்கலாம் என்று பட்டறை முழுக்கச் சொல்லிக்கொண்டார்.

இழுக்கத்தான் செய்தது. கழுத்து வலி போய்விட்டது, மொத்தப் பாரத்தையும் மார்பில் போட வசதியும் வந்துவிட்டது. மாப்பிள்ளைக்குக் கொண்டாட்டம். வார் விறைக்கும்போதெல்லாம் இவர், "மெதுவாடா, மெதுவா" என்பார். சொல்லிக்கொண்டே பின்னால் போவார். குப்பைத் தொட்டிக்கு இழுத்தால் மெதுவா, தொட்டி வரைக்கும் போவார். பூனையைப் பார்த்து இழுத்தால் மெதுவா, சுவர் வரைக்கும் போவார். உண்மையைச் சொன்னால், நாளெல்லாம் தையல் மெஷின் முன்னால் குனிந்து கிடந்த மனிதருக்கு அப்படி இழுபட்டுப் போவது பிடித்திருந்தது. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

மனைவிக்கு விடியற்காலை வேலை. ரத்தம் எடுக்கிறவள். அவளுக்கு அங்கே 'ஒரே குத்து அக்கா' என்று பெயர். நரம்பே தெரியாத வயதானவர்கள், கையைக் காட்டவே மாட்டேன் என்று அலறுகிற குழந்தைகள், எல்லாரையும் அவளிடம்தான் அனுப்புவார்கள். குழந்தையின் உள்ளங்கையைத் தன் இரண்டு கைக்கும் நடுவில் வைத்துச் சூடாக்கிக்கொண்டே ஏதோ பேசுவாள், பேச்சு முடிவதற்குள் வேலை முடிந்திருக்கும். இரண்டாவது தடவை அவள் குத்தியதாக யாரும் பார்த்ததில்லை. வீட்டில் எதற்கும் பெருமை பேசாதவள், அந்த ஒரு விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கர்வி.

ஒரு விடுமுறை நாளில் அவருக்குப் பட்டறையில் அவசர வேலை வந்தது. ஒரு பஸ்ஸுக்கு முழுக்க சீட்டு மாற்ற வேண்டும். நாயை நீ கூட்டிக்கொண்டு போ என்றார். அது இழுத்தால் என்ன செய்ய என்று அவள் கேட்டாள். செருப்பை மாட்டிக்கொண்டே, "மெதுவான்னு சொல்லு, அதுக்குப் புரியும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

வார் நழுவக் கூடாதே என்று அவள் அதை வலது மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டாள். மருந்துக்கடைக்கு முன்னால் நடைபாதையில் மூன்று படி. படி இறங்கும்போது மாப்பிள்ளை லேசாக முன்னால் போனது. அவள், "மெதுவா" என்றாள். அடுத்த நொடி கீழே கிடந்தாள். தினமும் கிண்டல் செய்த மருந்துக்கடைக்காரர்தான் ஓடி வந்து தூக்கினார்.

மணிக்கட்டில் இரண்டு எலும்பு. ஆறு வாரம் மாவுக்கட்டு.

அவள் நாயைத் திட்டவில்லை. கணவரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவருக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும். ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, கட்டுக்கு வெளியே தெரிந்த விரல் நுனிகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மாப்பிள்ளை வந்து காலடியில் படுத்தால் இடது கையால் தடவிக் கொடுத்தாள்.

மனசு கேட்காமல், இரண்டாவது வாரம் அவர் நாயையும் அழைத்துக்கொண்டு அந்தக் கடைக்குப் போனார். கடைக்காரப் பெண் முதலில் பட்டையைத்தான் பார்த்தாள். உட்பக்கத்தைப் புரட்டிப் பார்த்து, இப்படி ஒரு தையலைக் கடைச் சரக்கில் பார்த்ததில்லை என்றாள். அவர் கொஞ்சம் நிமிர்ந்தார். வளையம்தான் இடம் மாறிவிட்டது என்றாள் அடுத்து. முதுகில் வளையம் வைத்தால் இழுக்கிற நாய்க்கு இன்னும் வசதி, நெஞ்சுக்கு முன்னால் வைத்தால் அது இழுக்கிற இழுப்பே அதை நம் பக்கம் திருப்பிவிடும், அதோடு எந்தப் பட்டையும் பாதிதான், மீதி பழக்கம் என்றாள். அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே மாப்பிள்ளை ஒரு தீனி மூட்டையைப் பார்த்து நகர்ந்தது. இவர் வாய் தன்னால், மெதுவா என்றது. நாய் ஒரே பாய்ச்சலில் மூட்டை மேல் கிடந்தது.

கடைக்காரப் பெண் பேச்சை நிறுத்தினாள். நாயை உட்கார வைத்தாள். வார் தளர்ந்து தரையில் கிடந்தது, எதிரில் ஒன்றும் இல்லை. இப்போது அதே சொல்லைச் சொல்லுங்கள் என்றாள். சொன்னார். மாப்பிள்ளை எழுந்து, நெஞ்சை முன்னால் தள்ளி, வெறும் சுவரைப் பார்த்து இழுத்தது. இழுத்துவிட்டு, சரியாகச் செய்தேனா என்று அவரைத் திரும்பிப் பார்த்தது.

"அது சொன்ன பேச்சைத்தான் கேக்குது சார். மெதுவான்னா இழுன்னு அர்த்தம். நீங்கதான் அப்படிக் கத்துக் குடுத்திருக்கீங்க."

படியில் நின்றுகொண்டு மனைவி மெதுவா என்று சொன்னது அவர் கண்முன்னால் வந்தது. அந்தச் சொல்லை அவள் வாயில் போட்டது யார்? செருப்பை மாட்டிக்கொண்டே, முகத்தைக்கூடப் பார்க்காமல் போட்டது யார்? பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். வீட்டுக்குள் நுழைந்தபோது அவள் வலியில் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டார். மறுநாள் அவள் அக்கா பார்க்க வந்துவிட்டாள். அதற்கு அடுத்த நாள் அவருக்கே வேறு ஒரு யோசனை வந்தது. வெறும் கையோடு போய் என்னால்தான் என்று சொல்வதற்குப் பதில், நாயை முதலில் திருத்திவிட்டு, நடந்து காட்டிவிட்டுச் சொன்னால் என்ன? கேட்பதற்கு நல்ல யோசனை. பயந்தவனுக்கு வருகிற யோசனைகள் எல்லாம் கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கும்.

வளையத்தைப் பிரித்து நெஞ்சுக்கு முன்னால் வைத்துத் தைத்தார். கடைக்காரப் பெண் சொன்னபடி, வார் விறைத்தால் நட்ட கம்பம்போல் நின்றுவிட வேண்டும், ஒரு சொல் பேசக் கூடாது. தளர்ந்தால் நடக்க வேண்டும். நாய் காலோடு ஒட்டி வரும்போது, பேன்ட் தையலுக்குப் பக்கத்தில் கையை வைத்துத் தீனி கொடுக்க வேண்டும், "பக்கத்துல" என்று சொல்ல வேண்டும். பழைய சொல்லை மறந்தும் எடுக்கக் கூடாது. முதல் நாள் வாசலிலிருந்து விளக்குக் கம்பம் வரை போக முக்கால் மணி நேரம் ஆனது. நடுத்தெருவில் இவர் நிற்பதைப் பார்த்து இரண்டு பேர் என்ன தொலைந்தது என்று கேட்டார்கள். மூன்றாவது ஆள் கூடவே நின்று தரையில் தேடவே ஆரம்பித்துவிட்டார். தினமும் இரண்டு வேளை, வீட்டில் ஒரு வார்த்தை சொல்லாமல், ஏழு வாரம்.

இதற்குள் கட்டு பிரித்தார்கள். எலும்பு கச்சிதமாகக் கூடியிருக்கிறது, பழைய வேலையையே தாராளமாகச் செய்யலாம் என்றார் டாக்டர். ரப்பர் பந்தை அமுக்கிப் பழகினாள். பிடியும் வந்துவிட்டது. பரிசோதனைக்கூடத்து மேலாளர் அவள் இடத்தை மாதக் கடைசி வரை காலியாகவே வைத்திருப்பதாகச் சொல்லி அனுப்பினார். ஊசி எடுக்க முடியாது என்றால் ரசீது எழுதும் மேஜை ஒன்று இருக்கிறது, அதற்கும் ஆள் வேண்டும் என்றார். எதுவானாலும் அவளே சொல்ல வேண்டும்.

அவள் முடிவைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தாள். ஒரு சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்தபோது கேட்டாள்.

"என்னங்க, அன்னைக்கு நான் என்ன தப்பு பண்ணினேன்னு உங்களுக்கு ஏதாவது தோணுதா? வாய் மெதுவான்னு சொல்லுச்சு. ஆனா கை அதைச் சுண்டி விட்டிருக்கணும். இல்லேன்னா அது ஏன் அப்படிப் பாயுது? நான் ஒண்ணு நினைக்க, கை ஒண்ணு செஞ்சா, அந்தக் கையை ஒரு குழந்தைகிட்ட எப்படிக் கொண்டுபோறது?"

இதைவிட நேராக ஒரு கேள்வியை யார் கேட்பார்கள்? மாப்பிள்ளை இன்னும் ஒரு திருப்பத்தில் தடுமாறிக்கொண்டிருந்தது, இன்னும் ஒரு வாரம் போதும் என்று அவருக்குப் பட்டது. "விடும்மா. நடந்தது நடந்துபோச்சு" என்றார். அவள் தலையை ஆட்டிவிட்டு மறுபடி துணியை எடுத்தாள். தன் கையைப் பற்றித் தான் நினைத்தது சரிதான் என்று அந்தப் பதிலை அவள் எடுத்துக்கொண்டாள் என்பது அவருக்கு உறைக்கவில்லை. தலையாட்டலைப் பார்த்து, பிழைத்தோம் என்றல்லவா நினைத்தார்.

சரியாக ஒரு வாரம் கழித்து மாப்பிள்ளை வாசலிலிருந்து கிளம்பி, குப்பைத் தொட்டி, பூனைச் சுவர், மருந்துக்கடை மூன்று படி எல்லாம் தாண்டி, வார் ஒரு இடத்திலும் விறைக்காமல் நடந்து வந்தது. மருந்துக்கடைக்காரர் கேள்வி கேட்க வாயைத் திறந்து, அப்படியே மூடிக்கொண்டார். மாமனாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மனைவி அன்றைக்கு மேலாளரைப் பார்க்கப் போயிருந்தாள். நேராகப் பரிசோதனைக்கூடத்து வாசலுக்கே நாயைக் கூட்டிக்கொண்டு போய் நின்றார்.

அவள் வெளியே வந்தாள். நாய் அவள் பக்கம் தாவாமல் அவர் காலோடு ஒட்டி நின்றதைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. யார் பழக்கினார்கள் என்று ஆச்சரியப்பட்டுக் கேட்டாள். அந்த மலர்ச்சியை நம்பி அவர் எல்லாவற்றையும் கொட்டினார். கடையில் நடந்ததைச் சொன்னார், சொல்லின் அர்த்தத்தைச் சொன்னார், அவள் கையில் ஒரு தப்பும் இல்லை, நூற்றுக்கு நூறு தன் தப்பு என்றார். சொல்ல ஆரம்பித்ததும் கண்ணீர் வந்துவிட்டது, வாசலில் போகிறவர்கள் பார்ப்பதைக்கூட அவர் பொருட்படுத்தவில்லை.

அவள் நாயைத் தடவிக்கொண்டே கேட்டாள். பிறகு தடவுவதை நிறுத்தினாள்.

"இது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

கட்டுப் போட்ட இரண்டாவது வாரம் என்றார்.

"நான் துணி மடிக்கும்போது கேட்டேனே."



அவள் கோபப்படவில்லை. மேஜை வேலைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் வருகிறேன் என்றாள். மேஜையே போதும் என்று இவள் முந்தாநாளே சொல்லி அனுப்பிவிட்டதால், ஊசி எடுக்கும் அறைக்கு வேறு ஒரு பெண் காலையிலேயே வந்து சேர்ந்துவிட்டாளாம். கைக்குழந்தைக்காரி, வேலை தேவைப்பட்டவள். குழந்தைகள் வந்தால் உள்ளங்கையை எப்படிச் சூடாக்குவது என்று மத்தியானம் இவளே கூட இருந்து சொல்லிக் கொடுத்திருக்கிறாள். உள்ளே போய் மேலாளரிடம் பேசுவோம், நானே பேசுகிறேன் என்று அவர் படியில் கால் வைத்தார்.

"வேணாங்க. அந்தப் பொண்ணை எழுப்பிவிட்டுட்டு நான் உக்கார முடியுமா?"

அவர் காலை எடுத்துக்கொண்டார். அவள் தன் வலது கையை நீட்டி, விரல்களை விரித்து, ஊசி பிடிக்கிற மாதிரி சேர்த்துப் பார்த்தாள். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். கை அசையவே இல்லை.

"பாருங்க, இதுக்கு ஒண்ணுமே ஆகலை" என்றாள்.

பிறகு அவரிடமிருந்து வாரை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். நாய் அவள் காலோடு ஒட்டி, ஒழுங்காகப் போனது.