முப்பத்தாறு வயதில் மகரக்கட்டு

பேருந்து நிலையத்தில் எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று மைக்கில் சொல்வது அவள் வேலை. பதினோரு வருடமாக அதே கண்ணாடி அறை. நடத்துனர்களுக்கு அவள் 'மைக்கக்கா'.

முப்பத்தாறு வயதில் தொண்டை கரகரத்தது. சளி என்று நினைத்து உப்புத் தண்ணீரில் கொப்பளித்தாள். மாதங்கள் போயும் சரியாகவில்லை. குரல் கீழே இறங்கிக்கொண்டே போனது. பிறகு முகவாயில் நாலு முடி. பிடுங்கிப் போட்டாள். நாலு, நாற்பதானது. தினமும் குளியலறைத் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு கணவனின் ரேசரால் மழித்தாள். மாதவிலக்கும் நின்றிருந்தது. யாரிடமும் மூச்சு விடவில்லை.

பணிமனையில் மெக்கானிக்கான கணவன் ஒருநாள் கேட்டான்.

"என் ரேசர் ரெண்டு நாள்ல மொக்கையாயிடுதே, யாரு எடுக்கறது?"

திரும்பியவளின் முகவாயில் முளைவிட்டிருந்த முடியை அவன் பார்த்துவிட்டான். எதற்கெடுத்தாலும் கேலி பேசுகிறவன், அன்று வாயைத் திறக்கவில்லை. படுக்கையை மட்டும் கூடத்துக்கு மாற்றிக்கொண்டான்.

கடைசியில் பேருந்து நிலைய நேரக் காப்பாளர்தான் விஷயத்தை உடைத்தார். "தப்பா எடுத்துக்காதம்மா. மைக்ல யாரோ ஆம்பள பேசறான்னு ஜனங்க சொல்றாங்க. டாக்டர்கிட்ட காட்டு."

தனியாகப் போனாள். பரிசோதனைகள் முடிந்ததும் டாக்டரம்மா நாற்காலியை அருகே இழுத்துக்கொண்டார்.

"பசங்களுக்குப் பதிமூணு பதினாலு வயசுல மகரக்கட்டு வந்து குரல் உடையுமில்ல, மீசை அரும்புமில்ல? அதே சுரப்புதான் உங்க உடம்புல ஏகத்துக்கும் ஊறுது. சிறுநீரகத்துக்கு மேல இருக்கற சுரப்பில ஒரு கட்டி. எட்டு மாசமா என்ன பண்ணீங்க?"

"மழிச்சேன்," என்றாள்.

கட்டியை எடுத்தார்கள். புற்றுநோய்க் கட்டிதான். முகத்து முடி குறைந்துவிடும், மாதவிலக்கு திரும்ப வரும் என்றார் டாக்டரம்மா. குரலைப் பற்றிக் கேட்டபோது, "குரல்நாண் தடிச்சுப்போச்சும்மா. அது திரும்பாது," என்றார்.

கணவன் ஆஸ்பத்திரியை விட்டு நகரவில்லை. "அன்னைக்கே கேட்டிருக்கணும் நான்," என்று ஒரே ஒருமுறை சொன்னான். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நேரக் காப்பாளர் பழங்களோடு வந்து, தயங்கித் தயங்கிச் சொன்னார்: மைக்குக்கு வேறொரு பெண் வந்துவிட்டாள், இவளுக்கு இனி, பயணிகள் விட்டுச்சென்ற சாமான்கள் அறையில் வேலை.

அன்று மாலை போன் அடித்தது. அம்மா. குரல் மாறியதிலிருந்து அம்மாவின் அழைப்புகளை எடுத்துச் சமாளித்தது கணவன்தான். அவன் கீழே மருந்து வாங்கப் போயிருந்தான். அவளே எடுத்தாள்.

"அம்மா..."

"யாரு தம்பி பேசறது? எம்பொண்ணுக்கு ஆபரேஷனாமே. அவகிட்ட குடுங்க."

"நான்தாம்மா."

"விளையாடாதீங்க தம்பி. பெத்தவ கேக்கறேன், ஒரு வார்த்தை பேசிட்டு வச்சிடறேன்."

கணவன் மருந்தோடு உள்ளே வந்தான். அவள் போனை நீட்டினாள். அவன் அவளைப் பார்த்தான். அவள் வேண்டாமென்று தலையை அசைத்தாள்.

"அவ தூங்கறா அத்தை," என்றான்.