நேரம் தப்பி ஊதிய சங்கு

கண்ணுங்களா, எங்கள் கசாக் நாட்டு நிலக்கரி ஊரில், வேலை நேரம் சொல்லும் சங்கு நேரம் தப்பி ஊதினால் சுரங்கத்தில் விபத்து என்று அர்த்தம். நகரத்து ஓவியர் தைமூருக்கு அது தெரியாது. மூடிய சுரங்கத்தின் சுவரில் என்ன வரையலாம் என்று கசாக், கொரிய, ஜெர்மன் குடும்பங்கள் கூடிப் பேசிக்கொண்டிருந்தோம். எங்களை மகிழ்விக்க நினைத்து, அவர் பழைய சங்கை ஊதவிட்டார்.

எங்களோடு உட்கார்ந்திருந்த ரவ்ஷான் தேநீர்க் கிண்ணத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். அவள் மகன் அப்போது புதுச் சுரங்கத்துக்குள் இருந்தான். அவள் பின்னால் நாங்களும் ஓடினோம்.

"அக்கா, சும்மாதான் ஊதினேன்!" என்று கத்தினார் தைமூர்.

"சும்மாவா? உன் வாயில கரியை அள்ளிப் போட!" என்றாள் எங்களோடு ஓடிய எம்மா.

மகன் மேலே வரும்வரை ரவ்ஷான் புதுச் சுரங்க வாசலை விட்டு நகரவில்லை. அவன் முகத்தைத் தடவிய கரிக்கையோடு தைமூரிடம் வந்தாள்.

"சங்கை வரைஞ்சுக்கோ தம்பி. ஊத மட்டும் விடாத."