செருப்பு

திண்டிவனத்தில் ரயில் ஏறியபோது உட்கார இடம் இருந்தது. அன்புச்செல்வி உட்காரவில்லை. கதவோரம் நின்றுகொண்டு, மயிலம் தாண்டுவதற்குள் கைப்பேசியைப் பலமுறை எடுத்துப் பார்த்துவிட்டாள். மேலாளர் ஆனந்தராஜ் சாரிடமிருந்து ஒன்றும் இல்லை. நேற்று அவர் சொன்னதே போதுமானதாக இருந்தது. இன்று மதியச் சோதனையிலும் படம் திக்கினால் கெடார் கண் மருத்துவமனைக்காரர்கள் பெட்டியைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அப்படி அனுப்பினால் அவள் புரோகிராம் எழுதுவதை விட்டுவிட்டு, புகார் போன் எடுக்கும் மேசைக்குப் போய்விட வேண்டும்.

கெடாரில் நோயாளியின் கண்ணைக் கேமரா படம் பிடிக்கும். விழுப்புரத்தில் டாக்டர் அதை அப்போதே பார்த்துப் பேசுவார். இரண்டுக்கும் நடுவில் இவர்கள் கம்பெனியின் பெட்டி. படம் முழுதாகப் போகாது. சின்னச் சின்ன பாக்கெட்டுகளாகப் போகும். எல்லாம் முட்டிமோதிக் கிளம்பினால் வழியில் நெரிசலாகிப் பாதி தொலைந்துபோகும். அதனால் ஒவ்வொரு பாக்கெட்டின் மேலும் அது கிளம்ப வேண்டிய நேரத்தை அன்புச்செல்வியின் புரோகிராம் எழுதிவிடும். பெட்டியின் வாசலில் இருக்கும் வரிசை அந்த நேரத்தைப் பார்த்து ஒவ்வொன்றாக வெளியே விட வேண்டும். ஆனால் பாக்கெட்டுகள் வாசலுக்கு வரும்போது அந்த இடத்தில் பூஜ்யம்தான் இருந்தது. யாரோ அழித்துவிடுகிறார்கள்.

விழுப்புரத்தில் இறங்கி, மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறி, பையைக்கூடக் கழற்றாமல் கம்ப்யூட்டர் முன் நின்றாள். அவளுடைய புரோகிராம் பாதுகாப்புக்காகப் பெட்டிக்குள்ளேயே ஒரு தனி உள்ளறையில் ஓடுவது. உள்ளறையில் நேரம் இருக்கிறது. வெளியறையில் இல்லை. அப்படியானால் இரண்டுக்கும் நடுவில்தான். பெட்டியை இயக்கும் அடிப்படை மென்பொருளான கெர்னலில், பாக்கெட்டை ஓரிடத்திலிருந்து வாங்கி இன்னோரிடத்துக்குத் தள்ளிவிடும் பகுதியைத் தேடினாள். நகம் கடித்த விரலோடு வரிவரியாக இறங்கினாள். கடைசியில் அது கிடைத்தது. ஒரே ஒரு வரி. தள்ளிவிடுவதற்கு முன் நேரத்தை அழி என்றது அந்த வரி.

அழிக்கச் சொன்ன வரியை அவள் அழித்தாள்.

மேசைமேல் இருந்த சோதனைப் பெட்டியில் படம் தண்ணீர்போல ஓடியது. பக்கத்து மேசைத் திருமுருகன் எட்டிப் பார்த்துக் கைதட்டப் போனவன் நிறுத்திக்கொண்டான். இந்தப் பக்கமிருந்து பேசினால் அந்தப் பக்கம் கேட்கவில்லை. படம் போகிறது, டாக்டரின் குரல் வரவில்லை.

பெட்டி தன் நடப்பையெல்லாம் எழுதிவைக்கும் லாகை இருவரும் திறந்து பார்த்தார்கள். குரல் பாக்கெட்டுகள் வெளியிலிருந்து பெட்டிக்குள் வந்து, வாசல் வரிசை வழியாக நோயாளிப் பக்கம் போகிறவை. அவை வந்த நேரத்தையும் கெர்னல் அதே இடத்தில்தான் எழுதுகிறது. அது 1970-லிருந்து எண்ணிவரும் காலண்டர் நேரம். ஆனால் வாசல் வரிசையின் கடிகாரமோ பெட்டியை ஆன் செய்ததிலிருந்து எண்ணுவது. வந்த நேரத்தைக் கிளம்பும் நேரமென்று அது நம்பிவிட்டது.

“டாக்டர் பேச்சு அம்பது வருசம் கழிச்சுத்தான் கிளம்பும்போல. பேஷண்டோட பேரன் வந்து கேட்டுக்கினு போவட்டும்” என்றான் திருமுருகன்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அழித்த வரியைத் திரும்பப் போட்டாள். மறுபடி எடுத்தாள். போட்டால் படம் திக்குகிறது. எடுத்தால் குரல் நின்றுவிடுகிறது. கண்ணாடி அறைக்குள் ஆனந்தராஜ் சார் கெடாருக்குப் போன் செய்து, மதியம் தயாராக இருக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அம்மா லூர்துமேரியின் போன் வந்தது. எடுக்காமல் விட்டாள். மறுபடி வந்தது.

“உங்கப்பா எங்கடி? வாசல்ல நின்னுக்கினு ‘வர்றேன்’னாரு. டீக்கடைக்குப் போனவரு வந்துட்டாருன்னு சோத்தைப் போட்டு வச்சுக்கினு உக்காந்துகினு இருக்கேன். மல்லாட்டை பறிக்கப் போற வண்டியும் போயிடுச்சு.”

அம்மாவுக்கு இன்றைய வேர்க்கடலை பறிக்கும் கூலி போயிற்று. அப்பா வானூருக்குக் கட்டட வேலைக்குக் கிளம்பும்போது சொன்னதாக இருக்கும் என்றாள் அன்புச்செல்வி.

“போறவரும் வர்றேன், வர்றவரும் வர்றேன். உள்ள இருக்கிறவளுக்கு எப்படிடி தெரியும்? எழுந்து போய் செருப்பு கெடக்குதான்னு பாத்திருக்கணும். எம் புத்தி.”

அம்மா இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். அன்புச்செல்வி போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டாள். போகிறேன் என்று சொல்லக்கூடாது என்பதற்காக எல்லோரும் சொல்லும் அந்த ஒரே சொல். இங்கே ஒரே இடம். அதில் இருப்பது வந்த நேரமா, கிளம்பும் நேரமா என்று அந்த வரிக்கு எப்படித் தெரியும்? தெரியாததால்தான் அது கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் அழிக்கிறது.

நேரத்தின் பக்கத்தில் ஓர் அடையாளம் போதும். ஒரே ஒரு பிட். அவளுடைய புரோகிராமிலிருந்து நேரம் எழுதப்படும்போது அந்த அடையாளமும் சேரட்டும். தள்ளிவிடும் இடத்தில் அடையாளம் இருந்தால் தொடாதே, இல்லாவிட்டால் அழி. அவசரத்தில் எழுத்துகள் மாறி விழுந்தன. திருத்தினாள். கெர்னல் மறுபடி உருவாகி முடிக்கும்வரை படிக்கட்டுக்கும் மேசைக்குமாக நடந்துகொண்டிருந்தாள்.

“இன்னா பேரு இது, செருப்பு?” என்று திரையில் அந்த அடையாளத்தின் பெயர்மேல் விரல் வைத்தான் திருமுருகன்.

பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்றாள்.

மதியம் கெடார்ப் பெட்டியில் புதிய கெர்னலை ஏற்றினார்கள். ஒரு பெரியம்மாவின் கண் திரை நிறைய வந்தது. இமைத்தது. இமைத்தது இமைத்தபடியே தெரிந்தது. மேலே பாருங்கள் என்றார் டாக்டர். அந்தக் கண் மேலே போனது.

ஆனந்தராஜ் சார் அறைக்குள் போய்விட்டார். பெட்டி கெடாரிலேயே இருக்கட்டும் என்று அவர் போனில் சொன்னது கண்ணாடி வழியாக அரைகுறையாகக் கேட்டது. தன்னைப் பற்றி ஏதாவது சொல்கிறாரா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒன்றும் இல்லை. சாயங்காலம்வரை பொறுக்க முடியாமல், பையை மாட்டிக்கொண்டு அவருடைய கதவருகே போய் நின்றாள்.

“வர்றேன் சார்.”

அவர் தலை நிமிரவில்லை. “ம். அந்தப் போன் மேசைக்கு வேற யாரையாச்சும் பாக்கணும். தெரிஞ்சவங்க இருந்தா சொல்லு.”

ரயில் இன்னும் வரவில்லை. பிளாட்பாரத்தில் நடந்துகொண்டே அம்மாவுக்குப் போன் செய்து, கிளம்பிவிட்டேன் என்றாள்.

“கிளம்பிட்டேன்னு என்னாடி பேச்சு? வர்றேன்னு சொல்லு” என்றாள் லூர்துமேரி.