தூணுக்கு ஊற்றிய மருந்து

கரையானுக்கு மரம் ருசி, கௌரிசங்கருக்கு மச்சான் பேச்சு ருசி. இரண்டும் சேர்ந்துதான் சிதம்பரம் தெற்கு வீதியில் இருந்த அவர் வீட்டுக்கு இந்த வினையைக் கொண்டுவந்தன.

கூடத்து மரத்தூண்களின் அடியைக் கரையான் அரித்துக்கொண்டிருந்தது. மனைவியின் தம்பி ராஜகணேஷ் கடலூரில் மரக்கடையில் வேலை பார்க்கிறவன். ஒரு டின்னைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"இத இனிமே விக்கக் கூடாதுன்னு தடை பண்ணிட்டாங்க மாமா. கடைசி டின்னு. உங்களுக்குன்னு எடுத்து வச்சேன்."

"தடை பண்ணதையா மச்சான் கொண்டாந்த?"

"தடை பண்றாங்கன்னா என்ன அர்த்தம்? நல்லா வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

இதைக் கேட்டுத் தலையாட்டிய மனிதர் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். என்ன செய்வது, படிப்பு வேறு, மச்சான் வேறு. தூணடியில் துளை போட்டு டின் முழுவதையும் தாராளமாக ஊற்றினார். கரையான் போனது. அப்புறம் மழை பிடித்துக்கொண்டு நாள்கணக்கில் கொட்டியது.

எதற்காகத் தடை செய்தார்கள் என்பது பிறகுதான் செய்தித்தாளில் கண்ணில் பட்டது. மரத்துக்கு ஊற்றும் அந்த மாதிரி மருந்து மண்ணில் இறங்கும், நிலத்தடி நீரில் கலக்கும், நிறமும் காட்டாது, வாடையும் காட்டாது, வயிற்றுப் பிள்ளைக்குக்கூடக் கெடுதல் என்று போட்டிருந்தது. தூண்களிலிருந்து நாலு எட்டு வைத்தால் பின்கட்டுக் கிணறு. பிரசவத்துக்கு வந்திருந்த மகள் சந்திரலேகா அதன் பக்கத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

வீட்டில் குடிப்பதெல்லாம் கேன் தண்ணீர்தான். ஆனால் பூசைக்கும் திதிக்கும் கிணற்று நீர் மட்டுமே. மனைவி லலிதாம்பிகையின் சட்டம் அது. நாளைக்குக் கௌரிசங்கருடைய அப்பாவின் திதி. அந்தத் தண்ணீரில் சமைத்ததைத்தான் சந்திரலேகாவும் சாப்பிடுவாள்.

மச்சானுக்குப் போன் செய்தார். "அதெல்லாம் ஒண்ணும் ஆவாது மாமா" என்றான். தெரிந்த டாக்டர், "எதுக்கு சார் ரிஸ்க்கு" என்றார். தண்ணீர் பரிசோதிக்கிற இடத்தில், மருந்தின் பெயரைச் சொல்லுங்கள், முடிவு வர நாளாகும் என்றார்கள். டின்னில் ஒட்டியிருந்த பெயரை, தடைக்குப் பயந்து மச்சான் அன்றைக்கே சுரண்டி எடுத்துவிட்டான்; கேட்டால் அவனுக்கும் பெயர் நினைவில்லை. மருந்து கலந்திருக்குமா, கலந்திருக்காதா? கலந்திருக்கும் என்று ஒரு நேரம் தோன்றியது. நடுவில் அத்தனை மண் இருக்கிறதே என்று மறு நேரம் தோன்றியது. கணக்கு வாத்தியாருக்குத் தலை சுற்றியது.

"நாளைக்குக் கேன் தண்ணில சமைச்சிடேன்" என்று மெல்ல ஆரம்பித்தார்.

"மாமா திதிக்கா? யாரு எங்க புடிச்ச தண்ணியோ."

"தூணுக்கு ஊத்துன மருந்து கெணத்துல எறங்கியிருக்குமோன்னு பயமா இருக்கு."

லலிதாம்பிகை செம்பில் மொண்டு அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "பாருங்க, பளிங்காட்டம் இருக்கு. தூணு கூடத்துல இருக்கு, கெணறு பின்னாடி இருக்கு. எப்பிடிங்க வரும்?"

அதுதானே அவருக்கும் தெரியவில்லை. கண்ணுக்குத் தெரியாத விஷத்தை அவளுக்கு எப்படிக் காட்டுவது? கண்ணுக்குத் தெரிகிற தீட்டு ஒன்று இருந்தால் நம்புவாள்.

விடிந்ததும் லலிதாம்பிகை குளிக்கப் போனாள். கௌரிசங்கர் வலது கால் செருப்பைக் கழற்றிக் கிணற்றுக்குள் போட்டார்.

"கால் தடுக்கிச் செருப்பு உள்ள விழுந்துடுச்சு" என்றார், அவள் வந்ததும்.

"திதி அன்னைக்கா இப்பிடி ஆவணும்" என்று லலிதாம்பிகை தலையில் அடித்துக்கொண்டாள். கிணற்றை இறைத்துச் சுத்தம் செய்யாமல் இனி அவள் தொடமாட்டாள். கௌரிசங்கர் அப்பாடா என்று உட்கார்ந்தார். விஷம் என்றபோது அசையாதவள் செருப்பு என்றதும் ஆடிப்போய்விட்டாளே என்று சிரிப்புக்கூட வந்தது.

சிரித்து முடிக்கவில்லை, மதிலுக்கு அந்தப் பக்கம் கிணற்று ராட்டினம் கிறீச்சிட்டது. பக்கத்து வீட்டு அகிலாண்டத்தின் கிணறு. "ஒரு கொடம் எடுத்துக்கறேங்கா" என்று லலிதாம்பிகையின் குரல் கேட்டது.

மதில் மண்ணுக்கு மேலேதான் இருக்கிறது. கீழே ஓடும் தண்ணீருக்கு ஏது மதில்? அகிலாண்டம் வீட்டில் கேன் தண்ணீர் வாங்குவதே கிடையாது. குடிப்பதும் சமைப்பதும் அந்தக் கிணற்றில்தான். தன் வீட்டுச் சோற்றை நினைத்தே குழம்பிக் கிடந்தவருக்கு இத்தனை நேரம் இது தோன்றவே இல்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. ஒற்றைச் செருப்போடு ஓடினார்.

"வாங்க தம்பி, செருப்பு விழுந்துடுச்சாமே" என்றாள் அகிலாண்டம், காப்பியை ஆற்றிக்கொண்டே.

"விழலக்கா. நான்தான் போட்டேன்."

குடத்தை இடுப்பில் வைத்திருந்த லலிதாம்பிகை திரும்பிப் பார்த்தாள்.

"தூணுக்கு ஊத்துன மருந்து எங்க கெணத்துல எறங்கிடுச்சான்னு எனக்குத் தெரியல. இங்க வந்திருக்கான்னும் தெரியல. தெரியற வரைக்கும் இந்தத் தண்ணிய யாரும் வாயில வைக்காதீங்க. லலிதா, அந்தக் கொடத்தக் கொட்டிடு."

அகிலாண்டம் டம்ளரைக் கிணற்று மேடையில் வைத்துவிட்டாள்.

லலிதாம்பிகை குடத்தைச் சாய்க்கப் போனாள். காலடி மண்ணைப் பார்த்ததும் கை நின்றது.

"எங்கங்க கொட்டறது? இதுவும் கீழதான எறங்கும்?"