சொல்லிக்கொள்ளாமல்

பந்தலுக்குள் முதல் நாற்காலியில் ஜெபதாஸ் இருந்தார். வீட்டுக் கம்ப்யூட்டரின் ரேம் அவர் கொடுத்தது. வேப்பமரத்து மூட்டில் செல்போன் கடைக் கோலப்பன், டிஸ்க் அவருடையது. திரையைக் கொடுத்த அருமனை செல்வதாஸ் வரவில்லை. காது கேளாத மனிதர், போனை எடுப்பதே இல்லை. கூடத்தில் முத்துநாயகத்தின் தலைமாட்டில் அவருடைய அக்காள் தங்கம்மை, கால்மாட்டில் மகள் நந்தனா. கணவரின் குளிர்ந்த கையைப் பிடித்தபடி முத்துக்கனி. யாரைப் பார்த்தாலும் அவர் கொடுத்த சாமான்தான் அவள் கண்ணில் வந்து நின்றது.

வடசேரியில் மூடிப்போன ஒரு பிரவுசிங் கடையிலிருந்து முத்துநாயகம் ஆட்டோவில் ஏற்றிவந்த பழைய கம்ப்யூட்டர் அது. சுவிட்சைப் போட்டால் உலையில் சோறு வெந்த பிறகுதான் படம் வரும். சிநேகிதர்கள் கூடி அதை ஓட வைத்தார்கள். "எங்க வீட்டுல கிடந்தா என்ன, உங்க வீட்டுல கிடந்தா என்ன" என்றார்கள். நந்தனா அதில்தான் ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே டைப் அடிக்கிறாள். சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. திங்கட்கிழமை காலை அவள் வேலையில் உட்காரவில்லையென்றால் வேறு ஆளை வைத்துவிடுவார்கள். இனி இந்த வீட்டில் அடுப்பெரிவது அந்த வேலையால்தான்.

இன்று காலை ரேமைக் கழற்றி, பென்சில் அழிக்கிற ரப்பரால் அதன் பல்லைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே முத்துநாயகம் மேசைமேல் சாய்ந்துவிட்டார்.

குளிப்பாட்டும்போது உள்ளறையில் கோலப்பனின் குரல் கேட்டது.

"எடுத்திரலாமா?"

"எடுத்தாச்சு" என்றார் ஜெபதாஸ்.

சாவு வீட்டில் எடுப்பது என்றால் ஒன்றுதான். எடுக்க வேண்டியவரோ இங்கே கூடத்தில் கிடக்கிறார். முத்துக்கனி எட்டிப் பார்த்தாள். சீப்பு மாதிரியான பச்சைத் தகடு ஜெபதாஸின் சட்டைப்பைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. ரேம் போயாச்சு. அடுத்தது டிஸ்க். அதற்கடுத்தது திரை.

"ஏட்டி, அழுதிரு. நெஞ்சடைச்சுப் போவும்" என்றாள் தங்கம்மை.

அழுகை எங்கே வர? அவள் கண் ஜெபதாஸின் சட்டைப்பையிலேயே இருந்தது.

சுடுகாட்டுக்குப் போனவர்கள் ஆற்றில் குளித்துவிட்டு வாசலோடு பிரிந்தார்கள். சாவு வீட்டில் யாரும் 'போயிட்டு வாறேன்' என்று சொல்வதில்லை. ஜெபதாஸும் சொல்லவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை.

விளக்கு வைத்த பிறகு நந்தனா சுவிட்சைப் போட்டுப் பார்த்தாள். 'டீட் டீட்' என்று கத்தியது.

"அம்மா, ரேமக் காணல்ல. ஜெபதாஸ் மாமாட்ட கேக்கட்டா?"

"கேக்காத மக்கா. கேட்டா மத்தவங்களுக்கும் நெனப்பு வந்திரும்."

மறுநாள் காலை முத்துக்கனி செல்வதாசுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தாள். தேதி போட்டாள். 'உங்கள் சிநேகிதர் நேற்றுக் காலமாகிவிட்டார்' என்று எழுதினாள். 'நீங்கள் தந்த திரை பத்திரமாக இருக்கிறது' என்பதோடு பேனா நின்றுவிட்டது. வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதுவதுதான் மரியாதை. எழுதினால், எடுத்துக்கொண்டு போய்விட்டால்?

வாசலில் நிழல் விழுந்தது. ஆராதனை முடிந்து, பைபிளும் கையுமாக ஜெபதாஸ்.

"மைனி, நேத்துக் குளிப்பாட்டுன தண்ணி அறைக்குள்ள ஏறிற்று. மிதிச்சிருவாங்கண்ணு பாக்கெட்டுல போட்டேன். சுடுகாட்டுலதான் ஓர்மை வந்து. போயிட்டு வந்த சட்டையோட வீட்டுல எப்பிடி ஏற? காலையில வாறேன்ணு சொல்லலாம்ணா, சாவு வீட்டுல சொல்லப்பிடாதுல்லா."

"வேதக்காரனுக்கும் அந்தச் சட்டம் உண்டுமோ?" என்றாள் தங்கம்மை உள்ளிருந்து.

"எனக்கு இல்லக்கா. அண்ணனுக்கு உண்டும்லா."

கைலேசுத் துணியில் சுற்றி வைத்திருந்த தகட்டை எடுத்து, மேசைக்கடியில் குனிந்து பொருத்தினார். நந்தனா சுவிட்சைப் போட்டாள். விசிறி சுழன்றது; திரை வெளுத்தது. மேசைமேல் ரப்பர்த் துகள் அப்படியே கிடந்தது. துடைக்கப் போன நந்தனாவின் கையை முத்துக்கனி பிடித்துக்கொண்டாள்.

பிறகு கடிதத்தை முடித்தாள். 'நந்தனா அதில்தான் வேலை பார்க்கிறாள்.' உறையின் வாயில் சோற்றுப் பருக்கையைத் தேய்த்து ஒட்டினாள்.

"போற வழியில போட்டிருதேன்" என்று ஜெபதாஸ் வாங்கிச் சட்டைப்பையில் வைத்தார். பேசாமல் படியிறங்கினார்.

"தம்பி" என்றாள் முத்துக்கனி. "சொல்லிட்டுப் போங்க."

அவர் தங்கம்மையைப் பார்த்தார். தங்கம்மை முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"வாறேன் மைனி."

தெருமுக்கில் தபால்பெட்டிக்குள் கடிதம் விழுகிறவரை முத்துக்கனி வாசலிலேயே நின்றாள்.