காற்றைச் சுட்டவள்

எங்கள் படத்தில் மூன்று பேரிடம் துப்பாக்கி இருக்கிறது. கும்பல் தலைவனிடம் டோகரெவ் என்ற ரஷ்யப் பிஸ்டல். பூசானின் கம்சோன் துறைமுகத்தில் ஒரு ரஷ்ய மாலுமியிடம் நண்டுப் பெட்டியோடு சேர்த்து வாங்கியதாகக் கதை. துப்பறியும் ஹீரோவிடம் வெள்ளிபோல மின்னும் ஒன்பது மில்லிமீட்டர் பிஸ்டல். கொரியாவில் எந்தப் போலீஸ்காரனும் இப்படி ஒன்றை இடுப்பில் செருகிக்கொண்டு திரியமாட்டான் என்று சொல்லிப் பார்த்தேன். திரையில் மின்ன வேண்டும் என்றார் எங்கள் டைரக்டர் குக். மூன்றாவது, ரோந்துக் கான்ஸ்டபிளாக வரும் பெண்ணின் முப்பத்தெட்டு காலிபர் ரிவால்வர். சுருள் கயிற்றால் பெல்ட்டோடு கட்டிய, கறுத்து மழுங்கிய சாமான். மூன்றில் நிஜப் போலீஸ் இடுப்பில் இருப்பது அது ஒன்றுதான். படத்தில் அதை மட்டும்தான் கேலி செய்திருந்தார்கள்.

காட்சி இதுதான். முட்டுச்சந்தில் கத்தியோடு ஒருவன். அந்தப் பெண் கான்ஸ்டபிள் நடுங்கிக்கொண்டே ரிவால்வரை எடுத்துச் சுடுகிறாள். நாலு எட்டு தூரம்தான், ஆனாலும் குறி தப்பிவிடுகிறது. கத்திக்காரன் குனிந்து, நிமிர்ந்து, தன் உடம்பில் எங்காவது ஓட்டை இருக்கிறதா என்று தடவிப் பார்த்துச் சிரிக்கிறான். அப்போது ஹீரோ மதில்மேலிருந்து குதித்து, மின்னும் பிஸ்டலால் ஒரே சூட்டில் அவனைச் சாய்க்கிறார். பிறகு அவளைத் திரும்பிப் பார்த்து, “காத்தைக் குறி பார்த்தியா?” என்கிறார்.

திரைக்கதையைப் படித்த அன்று இந்த இடத்தில் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அந்த வசனத்தை எழுத்தாளர் யோசித்து எழுதவில்லை. இணையத்தில் கிடந்ததைப் பொறுக்கிப் போட்டிருந்தார். அது என் அக்காவைப் பற்றி எழுதப்பட்டது.

அக்காவின் பெயர் கியோங்சில். பூசானில் கான்ஸ்டபிள். இரண்டு வருடத்துக்கு முன்னால், ஒரு பில்லியர்ட்ஸ் கடை வாசலில், மீன் வெட்டும் கத்தியோடு ஒரு குடிகாரன் அவளுடைய கூட்டாளி மேல் பாய்ந்தான். அக்கா சுட்டாள். எங்கள் ஊர்ப் போலீஸ் ரிவால்வரில் முதலில் வெடிப்பது வெற்றுத் தோட்டா. சத்தமும் நெருப்பும் வரும், ஈயம் வராது. முதலில் மிரட்டு, அப்புறம் சுடு என்பது விதி. சத்தம் வந்தது. அவன் மிரளவில்லை. அடுத்ததற்குள் கத்தி கூட்டாளியின் விலாவில் இறங்கிவிட்டது.

அவர் பிழைத்துக்கொண்டார். அக்காவின் பெயர்தான் பிழைக்கவில்லை. “ஒரு முறை சுட்டார், ஆனால் தடுக்க முடியவில்லை” என்று செய்தியில் ஒரு வரி. கண்காணிப்பு கேமராவில் பதிவான காட்சியை ஊரே பார்த்தது. கை நீட்டினால் தொடும் தூரத்தில் குறி தவறவிட்டவள் என்று நாடு முடிவு கட்டியது. காற்றைச் சுட்டவள் என்று பெயர் வைத்தார்கள். நம் போலீசுக்குத் துப்பாக்கி கொடுத்திருப்பது சுடுவதற்கு அல்ல, எறிவதற்கு என்று ஒரு பழைய நக்கல் உண்டு. இவள் எறிந்தாலும் கயிறு இழுத்து இவள் மூஞ்சியிலேயே அடிக்கும் என்று அதையும் நீட்டினார்கள். முதலாவது வெற்றுத் தோட்டா என்று சொல்ல இலாகாவுக்கு ஒரு வரி போதும். சொல்லவில்லை. விதி அவர்களுடையது, தோட்டா நிரப்பியதும் அவர்களுடைய முறைப்படி. அவமானம் மட்டும் எங்கள் வீட்டுக்கு. அக்கா இப்போது தொலைந்த பொருள் பிரிவில் உட்கார்ந்து குடைகளுக்குச் சீட்டு ஒட்டுகிறாள்.

நான் எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள். இயந்திரப் பொறியியல். அதற்குமேல் வெடிமருந்துச் சான்றிதழும் வாங்கிக்கொண்டு யோம் அண்ணனின் ஸ்பெஷல் எஃபெக்ட்ஸ் குழுவில் சேர்ந்தேன். காலையில் காவல் நிலையத்துப் பெட்டகத்திலிருந்து துப்பாக்கிகளை வாங்கி வருவது, துடைப்பது, வெற்றுத் தோட்டா நிரப்புவது, இருட்டுவதற்குள் திருப்பிக் கொடுப்பது என் வேலை. படப்பிடிப்பில் என் கையோ யோம் அண்ணன் கையோ படாமல் ஒரு துப்பாக்கியும் வெடிக்காது.

அந்தக் காட்சி அப்படியே படத்தில் போகாது என்று திரைக்கதை படித்த அன்றே முடிவு செய்தேன். வேலையை விட்டுவிட்டுப் போகலாம் என்றும் தோன்றியது. போனால் வேறு ஒருத்தன் வந்து நிரப்புவான், அவ்வளவுதான். அதனால் போகவில்லை.

முதலில் நேராக டைரக்டரிடம் போனேன். அவள் குறி தப்பவில்லை, முதல் தோட்டாவில் ஈயமே இருக்காது என்றேன். ரசிகன் போலீஸ் விதிப் புத்தகம் படித்துவிட்டு டிக்கெட் வாங்குவதில்லை என்றார். அப்படியானால் அவனுக்குக் காட்டுங்கள் என்றேன். பக்கத்தில் நின்ற உதவி டைரக்டர் என் தோளில் தட்டினான்.

“கடைக்குட்டி, உனக்குத் துப்பாக்கி தொடைக்கிற வேலை. கதை தொடைக்கிற வேலை இல்ல.”

இதற்கும் சிரித்தார்கள். இவர்களுக்குச் சிரிப்பு மலிவு.

யோம் அண்ணன் என்னை வேனுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். அக்கா விஷயம் அங்கே அவர் ஒருவருக்குத்தான் தெரியும். உன் அக்கா என்று ஒரு வார்த்தை சொல், அந்த ஆள் வெட்கப்பட்டு வசனத்தைத் தூக்கிவிடுவான் என்றார். முடியாது என்றேன். வெட்கம் எடிட்டிங் வரைக்கும்கூடத் தாங்காது. அது போக, எனக்கு இரக்கம் வேண்டாம். வசனத்தைத் தூக்கினால் அவள் தவறவிட்டவளாகவேதான் இருப்பாள், ஒருவரும் கேலி பண்ணமாட்டார்கள், அவ்வளவுதான். அவள் தவறவிடவில்லை என்பதை அவர்கள் கண்ணால் பார்க்க வேண்டும். யோம் அண்ணன் சிகரெட்டைக் காலால் அணைத்தார். பட்டம் வாங்கினவர்களோடு பேசிக் கரையேற முடியாது என்று முனகிக்கொண்டு போய்விட்டார்.

படப்பிடிப்பு பூசானின் யோங்தோ தீவில், கப்பல் பழுது பார்க்கும் பட்டறைகளுக்கு மேலே ஒரு சந்தில். கடல் காற்று எலும்பில் ஏறியது. விளக்கு வைக்க நேரமாகும் என்றார்கள். மூன்று கோப்பையில் காபிப் பொடியைக் கலக்கி எடுத்துக்கொண்டு போனேன். கத்திக்காரனாக நடிக்கும் தால்சு ஒரு கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்திருந்தார். பூசான் நாடக மேடைகளில் இருபது வருடம் செத்தும் கொன்றும் பழகியவர். கான்ஸ்டபிளாக நடிக்கும் நாரே ரிவால்வர் பிடிக்கப் பழக வந்து நின்றாள். மொத்தப் படத்தில் அவளுக்கு இந்த ஒரு காட்சிதான்.

ரிவால்வர் காலி என்று காட்டிவிட்டு அவள் கையில் கொடுத்தேன். எதிர்ச் சுவரில் ஒரு கரிக்கோட்டைக் காட்டி, இந்தத் தூரத்தில் எப்படித் தப்பும் என்று கேட்டேன். கையை நீட்டிப் பார்த்தாள்.

“தப்பாதுக்கா. கண்ணை மூடிக்கிட்டுச் சுட்டாலும் தப்பாது.”

“அப்புறம் ஏன் தப்புது?”

“அப்படித்தானே எழுதியிருக்காங்க.”

முதல் தோட்டாவைப் பற்றிச் சொன்னேன். அவளுக்குத் தெரியாது. தால்சு காபியை ஊதிக்கொண்டே தலையாட்டினார்.

“கத்தி எடுக்கிறவனுக்கெல்லாம் இது தெரியும் புள்ள. டிவி பாக்கிறவனுக்குத்தான் தெரியாது. நானா இருந்தா எதுக்குக் குனியப் போறேன்? சிரிச்சுக்கிட்டே வருவேன்.”

“அப்படியே வாங்க” என்றேன்.

கோப்பைக்கு மேலாக என்னையே பார்த்தார். காற்றைச் சுட்டவள் உனக்கு என்ன உறவு என்று கேட்கவில்லை. பூசான்காரர், தானே கணக்குப் போட்டிருப்பார்.

மறைத்து எதையும் செய்ய எனக்கு விருப்பமில்லை. துப்பாக்கியில் மறைவு கூடாது. நேராகப் போய் யோம் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதல் வெடியின்போது தால்சு எங்கே நிற்பார், குழல் அவருக்கு எவ்வளவு விலகி இருக்கும், கேமரா எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் அது தெரியாது என்று விளக்கினேன். வெற்றுத் தோட்டாவும் கிட்டே இருந்தால் முகத்தைப் பொசுக்கும். அதனால் தரையில் சிவப்பு டேப் ஒட்டி, அதைத் தாண்டக் கூடாது என்றேன். வெற்றுத் தோட்டா ஒன்று மட்டும் நிரப்பி, மற்ற தோட்டா அறைகள் காலி என்பதை டார்ச் அடித்து நாரேக்கும் தால்சுவுக்கும் காட்டினேன். யோம் அண்ணன் குனிந்து டேப்பைப் பிய்த்து, இன்னும் ஒரு சாண் தள்ளி ஒட்டினார். அவர் சம்மதம் சொல்லும் விதம் அது.

தால்சு டைரக்டரிடம் போனார். ஒரே ஒரு தடவை என் போக்கில் விடுங்கள், அப்புறம் உங்கள் போக்கில் எத்தனை வேண்டுமானாலும் எடுங்கள் என்றார். அவருடைய தேதிக்காகப் பல மாதம் தொங்கியவர் குக் டைரக்டர். வானத்தைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், சரி என்றார்.

கேமரா ஓடியது. நாரே சுட்டாள். சந்து அதிர்ந்தது. கூரைமேல் இருந்த கடற்காகங்கள் கத்திக்கொண்டு எழுந்தன. தால்சு குனியவில்லை. புகையை ஒரு கையால் விலக்கிவிட்டு, கடன் கேட்டு வந்தவனைப் பார்ப்பதுபோல ரிவால்வரைப் பார்த்தார். பிறகு மெல்லச் சிரித்தார்.

“சத்தம் ஆச்சு. அடுத்ததுதான் நிசம்.” திரைக்கதையில் இல்லாத பேச்சு. “உன்னால முடியுமா தாயி?”

நாரேயின் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பயந்த முகம் இல்லை அது. அடுத்ததை அழுத்தினால் எதிரே நிற்பவன் சாவான், அழுத்தாவிட்டால் வேறு யாரோ சாவார்கள் என்று தெரிந்துவிட்ட முகம். விரல் விசையில் இருந்தது. பெல்ட்டிலிருந்து தொங்கிய கயிறு ஆடியது. தால்சு ஓர் அடி வைத்தார், இன்னோர் அடி வைத்தார், டேப்புக்கு வந்துவிட்டார். மதில்மேல் இருந்த ஹீரோ சா முஜின் குதிக்க மறந்து பார்த்துக்கொண்டிருந்தார். தாமதமாகக் குதித்தார், சுட்டார், தால்சு விழுந்தார். முஜின் நாரேயைத் திரும்பிப் பார்த்தார். வசனத்துக்காக வாயைத் திறந்தவர் அப்படியே மூடிக்கொண்டார்.

கட் சொல்ல டைரக்டருக்கு நேரமானது. ஒலிப்பதிவுக்காரர் ஹெட்ஃபோனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். டைரக்டர் மானிட்டரில் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். நகம் கடித்தார். நன்றாக இருக்கிறது, இப்போது நம்முடைய காட்சியை எடுப்போம் என்று எழுந்தவர், என்னைப் பார்த்து நிரப்பச் சொன்னார்.

“குறி தப்புறதுக்கு நான் நிரப்ப மாட்டேன், சார்.”

அவர் காதில் விழவில்லை என்று நினைத்தேன். விழுந்திருந்தது.

“யோம் அண்ணன் இருக்கார், அவர் நிரப்புவார். உங்க படம் நிக்காது. என் கையால மட்டும் வேணாம்.”

உன் இடத்துக்கு எத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். நானும் அந்த வரிசையில் நின்று வந்தவள்தான். பெட்டிச் சாவியை யோம் அண்ணன் உள்ளங்கையில் வைத்துவிட்டு, போய்ச் சுவரோரம் நின்றேன். கைகளைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டேன். குளிர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

யோம் அண்ணன் நிரப்பினார். என் பக்கம் பார்க்கவில்லை. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் வீட்டிலும் சாப்பிட ஆள் இருக்கிறது.

எடுத்தார்கள். தால்சு வஞ்சகம் பண்ணவில்லை. குனிந்தார், நிமிர்ந்தார், நெஞ்சு, வயிறு, தொடை என்று ஓட்டை தேடினார், ஒத்திகையைவிட நன்றாகவே செய்தார். முஜின் சரியான நேரத்தில் குதித்துச் சுட்டு, “காத்தைக் குறி பார்த்தியா?” என்றார். டைரக்டர் சிரிக்கத் தொடங்கி, துணைக்கு ஆள் தேடிச் சுற்றிப் பார்த்தார். காலையில் ஒத்திகையில் ஃபோகஸ் பையன் சிரித்திருந்தான், மீன் உருண்டைச் சூப் கொண்டுவந்த அம்மா சிரித்திருந்தாள், விளக்குக்காரர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து சிரித்திருந்தார்கள். இப்போது ஒருவரும் சிரிக்கவில்லை. யாரும் எனக்காக அடக்கிக்கொள்ளவும் இல்லை. என் அக்கா யார் என்று அவர்களுக்குத் தெரியாது. சிரிப்பு வரவில்லை, அவ்வளவுதான். அந்தப் பெண்ணுக்கு முன்னால் தால்சு நடந்து வந்ததை அவர்கள் பார்த்துவிட்டார்கள்.

மறுபடி எடுத்தார்கள். அதற்கும் மறுபடி. கடைசித் தடவை முஜின் அந்த வசனத்தை மன்னிப்புக் கேட்பதுபோலச் சொன்னார். உதவி டைரக்டர் மட்டும் ஒரு தடவை சிரித்தான். விக்கல்போல வந்து நின்றது.

குக் டைரக்டர் தொப்பியைக் கழற்றி நாற்காலியில் எறிந்தார். முதலில் எடுத்ததே இருக்கட்டும் என்று யாரையும் பார்க்காமல் சொன்னார். நாரேயின் அந்தப் பார்வை வேண்டுமென்றுதான் ஆரம்பத்திலிருந்தே யோசித்து வைத்திருந்ததாகவும் கேமராமேனிடம் சொன்னார். சொல்லட்டும். பிறகு என்னைக் காட்டி, இந்தப் பெண் நாளையிலிருந்து என் கண்ணில் படக் கூடாது என்றார். யோம் அண்ணன் தலையாட்டினார். வேனில் போகும்போது, நம்ம பட்டறையில் சுரண்ட வேண்டிய வெடிக் குழல் நிறையக் கிடக்கிறது, படம் முடிகிறவரை அங்கே இரு என்றார். சரி என்றேன்.

வெளிச்சம் இருக்கும்போதே காவல் நிலையத்தில் மூன்றையும் ஒப்படைத்தோம். வாசல் படியில் நின்று அக்காவைப் போனில் கூப்பிட்டேன். அந்தக் காட்சி படத்தில் இருப்பதையே அன்றுதான் அவளுக்குச் சொன்னேன். வசனத்தையும் மறைக்கவில்லை. அவள் ம் கொட்டிக்கொண்டே கேட்டாள். தால்சு குனியாமல் வந்ததைச் சொன்னபோது ம் நின்றது. தொலைந்த குடையைத் தேடி யாரோ அவள் மேசைக்கு வந்திருக்க வேண்டும். கொஞ்சம் அப்பறம் வாங்க என்று அந்த ஆளை அனுப்புவது கேட்டது.

“அந்தப் பொண்ணு ரெண்டாவது அழுத்துனாளா?”

“இல்லக்கா.”

“ஏன்?”

“நேரம் இல்ல. அவன் வந்துட்டான்.”

குடைச் சீட்டு ஒன்றைக் கிழிக்கும் சத்தம் கேட்டது.

“அவ்வளவு நேரந்தான் இருக்கும்” என்றாள். “அதை வெட்டாம வச்சிருப்பாங்களா?”

தெரியாது என்றேன். வெட்டினால் எடிட்டிங் அறை வாசலில் போய் உட்காருவேன் என்றேன்.

“உக்காரும்போது எனக்கும் சொல்லு” என்றாள் அக்கா. “யூனிஃபார்மோடயே வர்றேன்.”