காலியாக விட்ட கட்டம்

காப்பீட்டுத் திட்டங்களின் தரப்பட்டியலில் பதினொன்றில் பதினொன்றாம் இடம், அதுவும் தொடர்ந்து இரண்டாவது வருடம், சரி, எங்களுக்கும் கண் இருக்கிறது, படித்துவிட்டோம், அதை எழுந்து நின்று வாய்விட்டு வேறு வாசிக்க வேண்டுமா அந்த அதிகாரி... இப்போது கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே முடிவெடுக்கிறார்களாம், நானும் டாக்டரும் வெளியே மரப் பெஞ்சில். எங்கள் காப்பீட்டுத் திட்டத்தை மூடிவிட்டு, அதில் இருக்கிற நாலாயிரம் பேரையும் மற்ற திட்டங்களுக்குப் பிரித்துக் கொடுப்பதா வேண்டாமா என்று. மூட்டை தூக்குகிறவர்கள், அடுத்தவர் வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவர்கள், இரண்டு பஸ் மாறி வேறு ஆஸ்பத்திரிக்கு யார் போவார்கள்? போகமாட்டார்கள், வீட்டிலேயே கிடந்து முற்றவிடுவார்கள், பத்தொன்பது வருடமாக அவர்களுக்குக் கட்டுப் போடுகிறவள் நான், எனக்குத் தெரியாதா? முதலிடம் யாருக்கு? நாற்காலியில் உட்கார்ந்து சம்பாதிக்கிறவர்களின் திட்டத்துக்கு. என் அக்கா அதில்தான் இருக்கிறாள். சர்க்கரை கொஞ்சம் ஏறினால் லீவு போடலாம், சம்பளம் வரும், சாயங்காலம் நடக்க வீட்டெதிரே பூங்கா, மாத்திரையை எடுத்துக் கையில் கொடுக்க அத்தான். "எங்க நர்ஸுங்க ரொம்பக் கெட்டிக்காரங்கடி" என்று என்னிடமே பீற்றிக்கொள்கிறாள். அந்தக் கெட்டிக்காரிகளில் ஒருத்தியை ஒரே ஒரு திங்கட்கிழமை எங்களிடம் அனுப்பு, பார்க்கலாம். இதைத்தான் உள்ளேயும் சொன்னேன், வருகிற ஜனம் வேறு, ஒரே தராசில் நிறுக்காதீர்கள் என்று. அதிகாரி சிரித்தார். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்." கோணல்தான் ஐயா, கோணலேதான், வந்து நின்று நீங்கள் ஆடிக் காட்டுங்களேன்... சொல்லவில்லை, டாக்டர் என் கையைத் தட்டி அடக்கிவிட்டார்.

அப்புறம் அதிகாரி சொன்னதைத்தான் நம்பவே முடியவில்லை. "வயசு, வருமானம், படிப்பு, எல்லாத்துக்கும் ஈடுகட்டித்தான் கணக்குப் போட்டிருக்கோம் சிஸ்டர். அப்பவும் நீங்கதான் கடைசி." அதெப்படி? எழுதப் படிக்கத் தெரியாதவர் அதிகம் என்றால் அதற்குத் தகுந்தபடி எங்கள் மதிப்பெண்ணை ஏற்றியிருக்க வேண்டுமே? கொடுத்த தாளைப் புரட்டுகிறேன், ஒவ்வொரு பக்கமாக, கோபத்தில் ஓரம் கிழிகிறது... இதோ. படிப்பு என்ற கட்டம் எங்களிடம் பத்துப் பேரில் ஏழு பேருக்குக் காலி. அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி, காலியாக இருந்தால் பள்ளிப் படிப்பை முடித்தவராகக் கொள்ளப்படும். அடப்பாவிகளா! எங்கள் ஜனத்தைப் பேனாவே படாமல் படிக்கவைத்துவிட்டீர்களே! டாக்டர் எட்டிப் பார்த்தார். "யார் இதைக் காலியா விடச் சொன்னது?" நான்தான். வேறு யார்? சொந்தக் காசில் சூனியம்.

ஆனால் ஏன் விடச் சொன்னேன்? ஒரு மூட்டைக்காரரால். பதிவு மேசைப் பெண் அத்தனை பேர் நிற்கிற வரிசை முன்னால், "படிக்கத் தெரியுமா, தெரியாதா, சீக்கிரம் சொல்லுங்க" என்று கத்தினாள், அந்த மனுஷர் வரிசையை விட்டே திரும்பி நடந்துவிட்டார். மூன்று மாதம் கழித்துத் தூக்கி வந்தார்கள், கால் கறுத்துப்போய், இரண்டு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. அன்றைக்கே அந்தப் பெண்ணைப் பிடித்து உலுக்கினேன், இனிமேல் யாரிடமும் அதைக் கேட்டால் தெரியும் சேதி, காலியாக விடு என்று. அவர்கள் மானத்தைக் காப்பாற்றத்தானே... அதற்கா இந்தத் தண்டனை?

கதவு திறந்தது. "பத்து நாள் தர்றோம். விட்டுப்போனதை நிரப்பிக் குடுங்க, மறுபடி கணக்குப் போடுறோம்" என்றார் அதிகாரி, எனக்கு உயிர் வந்தது. டாக்டருக்கு ஒரே சிரிப்பு. "யாரையும் போய்க் கேட்கவே வேணாம் சார், எங்க சிஸ்டருக்கு எல்லாரையும் தெரியும், உட்கார்ந்த இடத்துலயே நிரப்பிடுவாங்க." சொல்லிக்கொண்டே அதிகாரியோடு உள்ளே போனார். ஆமாம், தெரியும். பெஞ்சிலேயே பெயர்ப் பட்டியலைப் பிரித்தேன், பேனாவை எடுத்தேன், முதலில் அந்த மூட்டைக்காரரையே தேடிப் பிடித்து எழுதினேன், படிப்பில்லை. எழுதிய கை அங்கேயே நின்றுவிட்டது. விரல் எடுத்த பிறகு வாராவாரம் ஒரு நோட்டுக் கொண்டுவருவாரே, தேதி, காய்ச்சல், சீழ் எவ்வளவு, எல்லாம் சாய்வெழுத்தில்... அதை அவர் மகள் எழுதித் தருகிறாள் என்றே நினைத்திருந்தேன், அப்படி யார் எனக்குச் சொன்னது? ஒருநாள் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்து, "சீட்டுல வேற மருந்து பேர் இருக்கேம்மா" என்று நீட்டினார், நான் "பரவாயில்லையே!" என்று சிரித்துவிட்டு மாற்றிக் கொடுத்தேன். பிசகு என்னுடையது, படித்தது அவர். அப்படியென்றால் அன்று வரிசையை விட்டுப் போனது வெட்கத்தாலா, இல்லை, பார்த்த மாத்திரத்தில் இவனுக்குத் தெரியாது என்று முடிவு கட்டிவிட்டார்களே என்ற கோபத்தாலா? கேட்டேனா? விரல் போன பிறகாவது, கட்டுப் போடுகிறபோதாவது, ஒரு வார்த்தை? இன்னும் எத்தனை ஆயிரம் கட்டம்... எல்லாரையும் எனக்குத் தெரியும் என்று டாக்டர் உள்ளே இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.